சபை தேர்ந்தெடுத்த பெட்டி

மூன்று ஆர்மோனியப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்று பாடும், ஒன்று முனகும், ஒன்று வாயையே திறக்காது. இதில் எதை நாடக மேடைக்குக் கொடுக்கலாம் என்று கேட்டால் பால்குடி மாறாத பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். ஆனால் அந்த வயசுக்காரர்களைத் திண்டுக்கல் வட்டார இசைக்கருவி உயர்வுச் சபையில் சேர்த்துக்கொள்வதில்லை. அங்கே சேர வேண்டுமானால் முதலில் பென்ஷன் வாங்கியிருக்க வேண்டும். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

வடமதுரை மூக்கையா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். செம்பட்டியிலிருந்து அய்யலூர் வரை எந்த ஊர்த் திருவிழாவில் நாடகம் நடந்தாலும் மேடையின் ஓரத்தில் அவன் தலை தெரியும். ராஜா வேஷக்காரர் குரலை எங்கே தூக்க வேண்டும், எங்கே தொண்டை கட்டிக்கொண்டு திணறுகிறார், எங்கே இவன் தன் குரலைக் கொடுத்துக் கைதூக்கி விட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாடகம் இல்லாத நாட்களில் நடிகர்கள் அவன் வீட்டுக்கே வந்து பாட்டைச் சரிபார்த்துக்கொண்டு போவார்கள். மேடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து அவனிடம் இருந்தது ஒரே பெட்டி.

அந்தப் பெட்டிக்கு ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் சனி பிடித்தது. செம்பட்டியில் நாடகம் முடித்துவிட்டுப் பஸ்ஸின் மேல் ஏற்றியிருந்தான். அதன் தலைமேல் யாரோ ஒரு மகராசன் தக்காளிக் கூடைகளை அடுக்கிவிட்டான். வளைவில் பஸ் ஒரு சாய்ப்புச் சாய்ந்தது. கூடையும் பெட்டியும் ஒன்றாகக் கீழே வந்தன. துருத்தி கிழிந்து, கட்டைகள் சிதறி, உள்ளே போன தக்காளிச் சாறு வெளியே வரவே இல்லை. மூக்கையா ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான். வெட்கம் பார்க்கவில்லை.

நாடக ஏஜெண்டு கிதர் முகம்மது விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். ஊர்களுக்கு நாடகம் பேசி, நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில்.

"மனசு விட்டுராத அப்பு. மாசியில அய்யலூர் நாடகம் வருதுல்ல, அதுக்குள்ள எப்படியாவது ஒரு பெட்டியப் பாத்துக்க. அன்னிக்கு உன் கையில பெட்டி இல்லைன்னா நான் கரூர்க்காரனைத்தான் கூப்பிடணும். நான் உன்னய விட்டாலும் வருஷம் உன்னய விடாதுப்பா."

அவர் சொன்னதற்கு அர்த்தம் உண்டு. அய்யலூரில் ஆட்டுச் சந்தை கூடுகிற நாளில்தான் அந்த நாடகம். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் ஆடு வாங்க வருவார்கள். சாயங்காலம் நாடகத்தையும் பார்ப்பார்கள். அங்கே யார் பெட்டி பேசுகிறதோ அவனையே தங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் பேசிவிட்டுப் போவார்கள். அய்யலூர் மேடையைத் தவறவிட்ட வாத்தியக்காரன் அந்த வருஷம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து மோட்டு வளையைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த மேடைக்கு ஒரு முறையும் உண்டு. நாடகம் தொடங்குமுன் கோயிலிலிருந்து முதல் மாலை வரும். அதை ஆர்மோனியப் பெட்டிக்குத்தான் போடுவார்கள். மாலை வாங்கிய பெட்டிதான் பேச வேண்டும். மங்களம் பாடும்வரை மாலை இறங்கக் கூடாது. அம்மன் மாலை, விளையாட்டு இல்லை.

மூக்கையா பெட்டிக்கு அலைந்துகொண்டிருந்தபோதுதான் இசைக்கருவி உயர்வுச் சபையின் அறிவிப்பு காதில் விழுந்தது. தகுதியுள்ள நாட்டுப்புற மேடைக் கலைஞர் ஒருவருக்குச் சபை ஒரு பெட்டியை இனாமாக வழங்குமாம். மூக்கையா குளித்து, விபூதி பூசி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்கு முதல் பஸ் ஏறினான்.

சபை ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தது. கூடத்தில் மூன்று பெட்டிகள். முதலாவது, சிறுமலையில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ஆர்கன். ஆள் உயரம், பீரோ அகலம், முகம் பார்க்கக் கண்ணாடி, மெழுகுவர்த்தி வைக்க இரண்டு பித்தளைக் கைகள். இரண்டாவது, மடியில் வைத்து வாசிக்கிற சின்னக் கைப்பெட்டி. மூன்றாவது, கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியின் கால் பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்து, காலால் மிதித்துக் காற்று ஏற்றி, இரண்டு கையாலும் வாசிக்கலாம். மூக்கையா அதைப் பார்த்தவுடனே அவன் கால் தானாகத் தரையைத் தட்டியது.

சபையின் தலைவர் ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற தாசில்தார். கூடத்துச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி இடுப்பிலேயே வைத்திருப்பார். குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டாராம். பக்கத்தில் செயலாளர் வரதராஜுலு. அவர் தலைவர் சொல்கிற கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லுவார். அதற்கப்பால் நிபுணர் ஏகாம்பரம். எதில் நிபுணர் என்று யாரும் கேட்டதில்லை.

"உமக்கு எந்த மாதிரிக் கருவி தேவைப்படுகிறது?" என்றார் தலைவர்.

"அந்தக் கால் பெட்டிங்கய்யா" என்று மூக்கையா கையைக் காட்டினான்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். நிபுணர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"கையைக் கீழே போடும்" என்றார் தலைவர். "தம்பி, நீர் வாசிக்கிறவர். வாசிக்கிறவருக்குப் பெட்டியின்மேல் பற்று இருக்கும். பற்று உள்ளவர் தேர்ந்தெடுத்தால் அது பாரபட்சம். முப்பது வருஷம் நான் உத்தியோகம் பார்த்தேன். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வந்த ஒருவனுக்கும் நான் அதைக் கொடுத்ததில்லை. அதனால்தான் என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை."

"வந்ததில்லை" என்றார் செயலாளர்.

"மேடைன்னா கடைசியில உக்காந்திருக்கிற ஆளுக்கும் கேக்கணும்யா. வீட்டுல ஒத்திகைக்கு மெதுவாவும் பேசணும். இதை அழுத்தி மிதிச்சா சத்தமாப் பேசும், மெல்ல மிதிச்சா மெல்லப் பேசும். வேற ஒண்ணுமில்லைங்க."

"மேடைப் பயன், வீட்டுப் பயன் என்று இரண்டு பயன்கள் இருப்பதை நீரே ஒப்புக்கொள்கிறீர்" என்றார் தலைவர் மகிழ்ச்சியோடு. "அப்படியானால் இரண்டு துணைக்குழுக்கள் அமைக்க வேண்டும்."

மூக்கையா நாக்கைக் கடித்துக்கொண்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த முறை போனபோது வரவேற்றது நிபுணர் ஏகாம்பரத்தின் சொற்பொழிவு. ஆர்மோனியம் ஒரு இசைக்கருவியே அல்ல என்பது தலைப்பு. அது சீமையிலிருந்து வந்தது, அதில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போக முடியாது, ஆகவே அதைக் கேட்கிற காது கெட்டுவிடும் என்று பொழுது சாயும்வரை பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். முடிவில் மூக்கையா எழுந்து நின்று, "அப்ப எனக்குப் பெட்டி கிடையாதுங்களாய்யா?" என்று கேட்டான்.

"யார் சொன்னது?" என்றார் நிபுணர் கோபமாக. "ஆர்மோனியம் கூடாது என்பது கொள்கை. ஆர்மோனியம் வழங்குவது திட்டம். கொள்கைக்காகத் திட்டத்தைக் கைவிட முடியுமா? கூடியவரை கேட்காத ஆர்மோனியமாகப் பார்த்துக் கொடுப்போம்."

மூக்கையா கும்பிட்டுவிட்டு வந்தான்.

ஐப்பசியில் வீட்டுத் துணைக்குழு வடமதுரைக்கு வந்தது. மூக்கையாவின் வீடு ஒற்றை அறை, முன்னால் ஒரு சார்ப்பு. பெண்டாட்டி பேச்சாயி இடுப்பில் கைப்பிள்ளையோடு அடுப்பில் வெஞ்சனக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். செயலாளர் டேப்பை நீட்டிச் சுவரை அளந்தார், கதவை அளந்தார், பேச்சாயி நகரட்டும் என்று நின்று அடுப்பையும் அளந்தார். பிறகு தலைவர் கையை உயர்த்தினார்.

"இந்த வீட்டில் இயற்கையாக எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று முதலில் அறிய வேண்டும். எல்லோரும் பேசாமல் இருங்கள்."

எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். கோழி கொக்கரித்தது. பிள்ளை வீரிட்டது. அடுப்பில் குழம்பு பிடித்துக் கருகுகிற வாடை வந்தது. பேச்சாயி எட்டிக் கரண்டியைப் போட்டாள்.

"அம்மா, கரண்டிச் சத்தம் கணக்கில் சேர்ந்துவிடும்" என்றார் செயலாளர்.

"சேரட்டும்யா! இம்புட்டு நேரம் அடுப்பு எரியிறதும் கணக்குல சேருமா? பெட்டி கொடுக்க வந்தீகளா, இல்ல என் கஞ்சியில மண்ணப் போட வந்தீகளா? இந்த மனுசன் பெட்டி இல்லாம ராத்திரி தூக்கத்துல என் முதுகுல வாசிக்கிறாரு. குடுக்கிறதுன்னா குடுங்க, இல்லைன்னா சோத்துக்கு உக்காருங்க, ரெண்டுல ஒண்ணு செய்யுங்க!"

துணைக்குழு சோற்றுக்கு உட்கார்ந்தது. கருகல் வாடையையும் பொருட்படுத்தாமல் நன்றாகச் சாப்பிட்டது. கை கழுவியபின் தலைவர் தீர்ப்பைச் சொன்னார்: கால் பெட்டி பேசினால் இந்த வீட்டில் சமையலுக்கு இடைஞ்சல். கைப்பெட்டி பேசினால் பிள்ளைக்கு இடைஞ்சல். ஆகவே வீட்டுக்கு ஏற்றது பேசாத பெட்டி.

"அப்ப மேடைக்குய்யா?" என்றான் மூக்கையா.

"அது மேடைத் துணைக்குழுவின் அதிகாரம். அதில் நாங்கள் தலையிடுவது முறையல்ல" என்றார் தலைவர். மேடைத் துணைக்குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. மூக்கையா திண்டுக்கல்லுக்கும் வடமதுரைக்கும் நடையாய் நடந்தான். ஒரு தடவை போனால், இன்று நிபுணருக்குச் சளி என்பார்கள். அடுத்த தடவை, தலைவர் தாராபுரம் போயிருக்கிறார், சாவியும் தாராபுரம் போயிருக்கிறது என்பார்கள். ஜன்னல் கம்பி வழியாகக் கால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவான். அது தூசியடைந்து நின்றது.

தையில் ஒரு வழியாகக் கேட்டறியும் பரிசோதனை வைத்தார்கள். மூன்று பெட்டியையும் வாசித்துக் கேட்டு முடிவு செய்வார்களாம். மூக்கையா விரல்களைச் சொடுக்கிக்கொண்டு கால் பெட்டியை நோக்கி நடந்தான்.

"நில்லும்" என்றார் தலைவர். "உமக்கு வாசிக்கத் தெரியும்."

"ஆமாங்கய்யா."

"அதுதான் சிக்கல். பிடித்த பெட்டியை நன்றாக வாசிப்பீர், பிடிக்காததை ஒப்புக்கு வாசிப்பீர். எந்தப் பெட்டியையும் வாசிக்கத் தெரியாத ஒருவர்தான் மூன்றையும் சமமாக வாசிக்க முடியும். ராமர், வா இங்கே."

சபைப் பியூன் ராமர் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பார்வையின் கவர்ச்சிக்கு ஆளாகிவிடக் கூடாது என்பதற்காக உறுப்பினர்கள் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ராமர் கால் பெட்டியின் முன் உட்கார்ந்து, சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதித்து, பத்து விரலையும் ஒன்றாக அழுத்தினார். கட்டடமே அலறியது. கீழ்க்கடையில் ஒருவன், "என்னலே ஆச்சு மேல?" என்று கத்தினான். சுவரைப் பார்த்த தலைகள் எல்லாம் ஆடின. ரசித்து அல்ல.

கைப்பெட்டியை அவர் தலைகீழாக வைத்துக்கொண்டார். அது கன்றுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. இரண்டு உறுப்பினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பிறகு ஆர்கன். ராமர் மிதித்தார், அழுத்தினார், எழுந்து நின்றும் அழுத்தினார். உள்ளே துருத்தியை எலி தின்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒரு சின்ன மூச்சுகூட வரவில்லை. கூடத்தில் நிம்மதியான அமைதி நிலவியது.

"ஆகா!" என்றார் நிபுணர், சுவரைப் பார்த்தபடியே. "இதில் குறை என்று ஒன்றும் கேட்கவில்லை."

"கேட்கவில்லை" என்றார் செயலாளர். இந்த ஒரு தடவை அவர் சொன்னதில் உண்மை இருந்தது.

மூக்கையாவுக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, அது செத்துப்போன பெட்டிங்க! பேசவே பேசாதுங்க! அதை வச்சு நான் என்னய்யா செய்யிறது, துணி மடிச்சு வைக்கவா? எனக்கு வேண்டாங்க!"

தலைவர் நாற்காலியோடு திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. "வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான் தம்பி. தேர்வு செய்கிற அதிகாரம் உமக்கு இல்லை என்று முதல் நாளே சொன்னேன். வீட்டுத் துணைக்குழு பேசாத பெட்டி என்றது. நிபுணர் கேட்காத ஆர்மோனியம் என்றார். பரிசோதனையும் அதையே காட்டிவிட்டது. மூன்று வழியில் போய் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறோம். இதைவிட நேர்மையான தேர்வு இந்த ஜில்லாவில் நடந்ததில்லை. அய்யலூர் மேடையில், ஜனங்கள் முன்னிலையில், நானே வந்து உமக்கு ஆர்கனை வழங்குவேன்."

வெளியே வந்தபோது கட்டடத்து வாசலில் கிதர் முகம்மது காத்திருந்தார். அய்யலூருக்கு ஆள் சொல்ல வேண்டிய கெடு வந்துவிட்டது. மூக்கையா வாயைத் திறப்பதற்குள், பின்னால் வந்த செயலாளர் முந்திக்கொண்டார்: "பெட்டி தேர்வாகிவிட்டது! மேடைக்கே வருகிறது!"

"மாஷா அல்லாஹ்!" என்று பாய் மூக்கையாவைக் கட்டிக்கொண்டார். "அப்ப கரூர்க்காரனை வரவேணாம்னு சொல்லிருதேன். நீ சாதிச்சுப்புட்ட அப்பு!"

"பாய், செத்த நேரம் நில்லுங்க, விஷயம் என்னன்னா—" என்பதற்குள் பாய் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். அதன் பிறகு மூக்கையா அவர் வீட்டுக்கு இரண்டு தடவை போனான். ஊர் ஊராய் நாடகம் பேசப் போயிருந்தார். சொல்லிப் பார்க்கவும் ஆள் இல்லை.

மாசி மாதத்து ஆட்டுச் சந்தை. விடிந்ததிலிருந்து அய்யலூரில் கால் வைக்க இடமில்லை. வெள்ளாடும் செம்மறியும் கத்துகிற கத்தலில் மனிதர்கள் பேசுவது கேட்கவில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்தவர்கள், பிற்பகலிலேயே கோயில் மைதானத்து மேடை முன்னால் துண்டை விரித்து இடம் போட்டுவிட்டார்கள். பேச்சாயியும் பிள்ளையோடு வந்திருந்தாள்.

ஆர்கன் மாட்டு வண்டியில் வந்தது. அதை இறக்க எட்டு ஆள் பிடித்தது. மேடையில் வைத்ததும் பலகை ஒரு பக்கம் தாழ்ந்தது. வண்டிக்குப் பின்னால் காரில் சபை வந்தது. மூக்கையா கிதர் முகம்மதுவின் காதில் விஷயத்தைச் சொன்னான். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! ஏலே, மோசம் போயிட்டமேடா! வேற பெட்டிக்கு நான் எங்க போவேன்? இங்க ஆடுதான் இருக்கு!"

மேடையில் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார். சபை எப்படித் தோன்றியது, தான் தாசில்தாராக இருந்தபோது எத்தனை ஊர்களுக்குப் போகவில்லை, கலைஞனுக்கு என்ன வேண்டும் என்பதைக் கலைஞனிடம் கேட்காமலே கண்டுபிடிப்பதுதான் எப்படி உண்மையான கலைச்சேவை என்றெல்லாம் பேசினார். அந்த நேரத்தில் கோயிலிலிருந்து மேளத்தோடு முதல் மாலை வந்தது. ரோஜாவும் மருக்கொழுந்தும் வைத்துத் தொடுத்த, முழங்கால்வரை தொங்குகிற மாலை. ஊர் நாட்டாமை வெள்ளைக்கண்ணு அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பெட்டி எங்கே என்று பார்த்தபடி மேடையில் ஏறினார்.

தலைவர் மாலையைப் பார்த்தார். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த கழுத்து அது. மாலை என்று ஒன்று எதிரே வந்தால் தானாகக் குனியும். குனிந்தது. நாட்டாமை ஒரு கணம் திகைத்துப் பின்வாங்கினார். அதற்குள் தலைவரே எட்டி மாலையின் இரண்டு முனையையும் பிடித்துத் தலையை உள்ளே விட்டுக்கொண்டார். கும்பிட்டார். செயலாளர் கைதட்டினார்.

வேறு யாரும் கைதட்டவில்லை.

"அய்யா" என்றார் நாட்டாமை நிதானமாக. "அது பெட்டிக்கு வந்த மாலைங்க."

"அப்படியா? மன்னிக்க வேண்டும்." தலைவர் கழற்றப் போனார்.

"கை வைக்காதீக! அம்மன் மாலை, வாங்கினவுக சும்மா இறக்கக் கூடாது. வாங்கினது பெட்டியா இருந்தாலும் ஆளா இருந்தாலும் மொறை ஒண்ணுதான். மாலை வாங்கினவுகதான் பேசணும். உக்காந்து வாசிங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே!"

அதுவரை ஓரமாக நின்ற மூக்கையா அப்போது பேசினான். கிண்டலுக்குப் பேசவில்லை. ஏழு மாசமாகக் கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. "வாசிக்கத் தெரியாதவுகதான் பாரபட்சம் இல்லாம வாசிப்பாகன்னு அய்யாதான் சொன்னாக."

"அப்பச் சரியாப் போச்சு!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு ஆட்டு யாவாரி துண்டை உதறினான். "வாசிங்க தலைவரே!"

தலைவரை ஆர்கன் முன்னால் உட்காரவைத்தார்கள். மிதித்தார். எலி தின்ற துருத்தி வெறும் புழுதியைக் கக்கியது. அழுத்தினார். இன்னும் அழுத்தினார். எதிரே இருந்த கண்ணாடியில் அவர் முகமே வேர்த்து வழிந்தது. மைதானத்தில் சிரிப்பு கிளம்பி, பிறகு அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. நாடகம் நடக்காவிட்டால் அம்மன் குற்றம் என்று பின்னாலிருந்து பெண்கள் முணுமுணுத்தார்கள். கடா விற்க வந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் கையில் கம்பு இருந்தது. ஆடு ஓட்டுகிற கம்புதான்.

"இதுக்கு வேறு வழியே இல்லையா?" என்றார் தலைவர். தாசில்தார் குரல் போய்விட்டது.

"ஒரு வழி இருக்குங்க" என்றார் நாட்டாமை. "மாலையைப் பேசுற பெட்டிக்கு உங்க கையால மாத்திப் போடலாம். ஆனா அது பேசுற பெட்டியா இருக்கணும்."

இந்த இடத்தில் சபையின் வரலாற்றிலேயே இல்லாத ஒன்று நடந்தது. துணைக்குழு கூடவில்லை. நிபுணர் அபிப்பிராயம் சொல்லவில்லை. யாரும் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. தலைவர் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு, அரைஞாண் கயிற்றைப் பல்லால் கடித்து அறுக்காத குறையாகச் சாவியைப் பிய்த்தெடுத்தார்.

"வரதராஜுலு! ஓடும்! கால் பெட்டி! அந்தக் கால் பெட்டியைக் கொண்டுவாரும்! மேடையில் பேசுகிற பெட்டி அது ஒன்றுதானய்யா இருக்கிறது!"

மூக்கையா அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மனுஷனுக்கு ஆவணியிலிருந்தே தெரியும். முதல் நாள் கையைக் கீழே போடச் சொன்னபோதே தெரியும். கோபத்தில் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆடு ஏற்ற வந்த ஒரு லாரி செயலாளரை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பறந்தது. அது திரும்பும்வரை பபூன் வேஷக்காரர் மேடையேறித் தலைவரைச் சுற்றிச் சுற்றி வந்து ஜனங்களைச் சமாளித்தார். தலைவர் மாலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றுகிற நேரத்துக்குக் கால் பெட்டி வந்தது, காலெல்லாம் ஆட்டுப் புழுக்கையோடு. பேச்சாயி முந்தானையால் துடைத்தாள். தலைவர் மாலையைக் கழற்றி அதற்குப் போட்டார். மூக்கையா உட்கார்ந்தான். அழுத்தி மிதித்தான்.

கடைசி வரிசைக்கும் அப்பால், ஆட்டுப் பட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்தான். கிதர் முகம்மது மேடைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தற்காலிகமாக என்று எழுதிக்கொள்ளும்" என்று தலைவர் செயலாளர் காதில் சொன்னார். செயலாளர் காதில் அது ஏறவில்லை; அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மங்களம் பாடுவதற்குள் மூக்கையாவைப் பதினோரு ஊர்க்காரர்கள் பேசிவிட்டார்கள்.

பங்குனிக் கடைசியில் செயலாளரும் நிபுணரும் வடமதுரைக்கு வந்தார்கள். தேர்வாகாத பெட்டி ஒன்று மூக்கையாவிடம் இருப்பதாகவும், அதைச் சபை மீட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். கால் பெட்டி அவர்கள் முழங்காலில் இடிக்கிற தூரத்தில் இருந்தது.

மூக்கையா எழுந்து நின்று கும்பிட்டான். "தாராளமா எடுத்துட்டுப் போங்கய்யா. எதை எடுக்கணும்னு நீங்களே காட்டுங்க."

"இதோ, இதுதானே—" என்று செயலாளர் கையைத் தூக்கினார்.

நிபுணர் அந்தக் கையைத் தாவிப் பிடித்தார். "என்ன காரியம் செய்கிறீர்! குழு கூடாமல் நீராகக் கையைக் காட்டிவிடுவதா? அன்று அய்யலூருக்கு அதைத் தூக்கிவந்தவர் நீர். உமக்கு அதன்மேல் பற்று இருக்கலாம்!"

செயலாளர் கையைக் கீழே போட்டார். "இருக்கலாம்" என்றார்.

பேச்சாயியின் இடுப்பிலிருந்த பிள்ளை கால் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டி, "பொட்டி" என்றது. நிபுணர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். பேச்சாயி இரண்டு பேருக்கும் காபித்தண்ணி கொடுத்து அனுப்பினாள். குழுவை அவர்கள் இன்னும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.